ஆர்.எச். நாதன்: சைக்கிளை விட்டு இறங்காத உரிமைக்காக நாடு கடத்தப்பட்டவர்

கிள்ளான், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பாட்டாளிகளின் வரலாற்றில் மறக்கக் கூடாத பெயர் ஆர்.எச். நாதன். இவர் பால்மரம் வெட்டியவர் அல்லர், கங்காணியும் அல்லர். இந்தியாவிலிருந்து மலாயா வந்து, 1924-இல் தொடங்கப்பட்ட 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராகப் பணியாற்றியவர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர்.

1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவித்தொகையுடன் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. அதன்பின் தோட்டத்துக்குப் புதிய ஆள் வரத்து குறைந்தது. இரண்டாம் உலகப் போரால் ரப்பர் விலை ஏறியது. அரிசி, துணி விலையும் கூடியது. ஆனால் ஆண்களுக்கான நாள் கூலி ஏறக்குறைய 50 காசு அளவிலேயே நின்றது. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளர்கள் கூடுதலாகப் பெற்றனர்.

இந்தச் சூழலில் நாதனும் அவருடைய தோழர்களும் தோட்டம் தோட்டமாகச் சென்று பாட்டாளிகளை ஒன்று திரட்டினர். 1941-இன் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. கூலி சற்று உயர்ந்தது. ஆயினும் பாட்டாளிகளின் குறை கூலியோடு முடியவில்லை என்பதை அவர்கள் வைத்த கோரிக்கைகள் காட்டின.

சீனருக்கு இணையான கூலி, 10 முதல் 12 மணி நேர வேலையை ஒழித்தல், முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவை அவற்றில் இருந்தன. பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும், கொடுமை செய்யும் அலுவலர்களை நீக்கித் தமிழ் படித்தவர்களை அமர்த்த வேண்டும், உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதிக்க வேண்டும், குறையைச் சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது என்றும் கேட்டனர். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். கூலிக்கு நிகராக மானத்தையும் அவர்கள் கேட்டார்கள் என்பதற்கு இந்த ஒரு கோரிக்கையே சான்று.

பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமே கூறியிருந்தது. நடைமுறையில் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பள்ளி என்பது பெயரளவுக்கே இருந்தது. சட்டத்தில் இருந்ததை நடைமுறையில் கேட்டதுதான் பாட்டாளிகள் செய்த 'குற்றம்'.

1941 மே மாதத் தொடக்கத்தில் ஆங்கிலேய அரசு நாதனைக் கைது செய்தது. அவரை விடுவிக்கக் கோரி பாட்டாளிகள் மீண்டும் வேலையை நிறுத்தினர். கிள்ளானில் எழுந்த போராட்டம் கோல சிலாங்கூர் உள்ளிட்ட சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அவசரகால நிலை அறிவிக்கப்பட்டு, இந்தியப் படைவீரர்களே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதாகினர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

போராட்டம் ஒடுக்கப்பட்ட ஏழு மாதங்களுக்குள், 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. அடுத்து வந்த போர்க்காலத் துயரங்களும் சயாம் மரண ரயில் பாதையும் 1941-இன் நினைவை மங்கச் செய்தன.

ஆனால் அந்தக் கோரிக்கைகள் மறையவில்லை. போருக்குப் பின் மலாயா முழுதும் எழுந்த தொழிற்சங்கங்கள் கூலி, வேலை நேரம், மருத்துவம், பள்ளி என்று அதே குரலை எழுப்பின. 1954-இல் தோட்டத் தொழிலாளர்களுக்கான தேசியச் சங்கம் உருவானது.

லயத்து வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் குடும்பங்கள், நாதனின் பெயரையும் உயிர் நீத்த அந்த ஐவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சைக்கிளில் அமர்ந்தபடியே துரையைக் கடந்து செல்லும் உரிமைக்கும் ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.