ரஜுலா: வந்தவர்களும் போனவர்களும்

சித்தியவான் பக்கத்துத் தோட்டங்களில் ரஜுலா கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் சொல்வது வந்த கதைதான். எங்கே ஏறினார்கள், பினாங்கில் யார் வந்து கூட்டிப்போனார்கள் என்பதோடு முடிந்துவிடும். பொறியியல் படித்ததாலோ என்னவோ, எனக்கு அந்தக் கப்பல் பார்த்த வேலையின் கணக்கு வேண்டியிருந்தது. அதில் போன கதையும் இருக்கிறது.

1926-இல் கிளாஸ்கோவின் பார்க்லே கர்ல் பட்டறை, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக இதைக் கட்டியது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் என்பது தடம். எட்டாயிரம் டன் சொச்சக் கப்பல். மேல்தளப் பயணிகள் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்றலாம். பாய் விரித்த இடம்தான் ஒருவருக்கு எல்லாமே.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையணைய ஆழம் போதாது. கடலில் தள்ளி நிற்கும். ஆட்களும் வெங்காய மூட்டைகளும் படகில் போய் ஏறணும். இப்படி ஒரே சரக்கை இரண்டு தடவை ஏற்றி இறக்கும் தொல்லையைத் தீர்க்கத்தான், சரக்கோடு தோணியையே தூக்கி வைத்துக்கொள்ளும் 'லாஷ்' கப்பல் 1969-இல் அட்லாண்டிக்கில் ஓடத் தொடங்கியது. நாகையில் அந்த வசதியெல்லாம் இல்லை; படகும் ஏணியும்தான்.

1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது பல்லாயிரம் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியதும் மறுபடி ஆளெடுத்தார்கள். 1938-இல் இந்திய அரசு அதை நிறுத்தியது. பிறகு போர். ரஜுலாவின் ஜோடிக் கப்பலான ரோனா, 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டுக்கு மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். ரஜுலா தப்பித்துப் பழைய தடத்துக்கே வந்தது.

1969-இல் மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பலருக்கு அது கிடைக்கவில்லை. ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதாகச் சொல்லப்படுகிறது. தகப்பனுக்குச் சிவப்பு, பிள்ளைக்கு நீலம் என்றிருந்த வீடுகள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு காலத்தில் ஆட்களை இறக்கிய அதே துறைமுகங்களில் இப்போது ஏற்றிக்கொண்டு போன கப்பல்களில் ரஜுலாவும் ஒன்று.

1973-இல் இந்தியக் கப்பல் கழகம் இதை வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. மறு வருஷமே பம்பாயில் உடைத்தார்கள்.

வந்தவர்கள் கதையை இங்கே தங்கியவர்களின் பிள்ளைகள் எழுதுகிறோம். போனவர்கள் கதையைச் சொல்ல இங்கே ஆளில்லை; சொல்லக்கூடியவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருக்கிறார்கள். ரஜுலாவைப் பற்றி எழுத நினைக்கிறவர்கள் அவர்களையும் தேடிப்போய்க் கேட்கணும். அன்று விவரம் தெரிந்த வயதில் கப்பலேறியவர்களுக்கு இன்று அறுபதுக்கு மேல் ஆகிவிட்டது.