கட்-ஆஃப் மதிப்பெண்: தமிழகத்தில் கல்லூரி வாய்ப்பைக் கணிக்கும் முறையின் வரலாறு

கட்-ஆஃப் மதிப்பெண் என்பது தொழிற்கல்லூரி ஒன்றில், குறிப்பிட்ட பாடப்பிரிவில், குறிப்பிட்ட இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாக இடம் பெற்ற மாணவரின் மதிப்பெண்ணாகும். ஒரு மாணவர் சேர்க்கைக்காகக் கணக்கிட்டுக்கொள்ளும் கூட்டு மதிப்பெண்ணும் பேச்சுவழக்கில் இப்பெயராலேயே அழைக்கப்படுகிறது. பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் இவ்விரண்டையும் ஒப்பிட்டு, தம் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று குடும்பங்கள் கணிக்கின்றன. ஏற்காடு செல்லும் சாலையில் உள்ள சேலம் அஸ்தம்பட்டியிலும், அண்டை மாவட்டமான நாமக்கல்லின் சிற்றூர்களிலும் இன்று இயல்பாக நடக்கும் இந்தக் கணக்கு எப்போதும் சாத்தியமாக இருக்கவில்லை. சேர்க்கை விதிகள் வெளிப்படையான பிறகே அது சாத்தியமாயிற்று.

வகுப்புவாரி ஆணைக் காலம்

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணையின்படி ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என இடங்கள் பிரிக்கப்பட்டன. அதுவரை உயர்கல்வியை எண்ணிப் பார்க்கவே இயலாதிருந்த பிரிவினருக்கு இந்த ஆணை வாய்ப்பைத் திறந்தது.

இதை எதிர்த்து செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கவே இல்லை. விசாரித்துப் பார்த்ததில் தமக்கு இடம் கிடைக்காது என்று அறிந்ததாகவே கூறியிருந்தார். உடன் வழக்காடிய சீனிவாசன் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர். இண்டர்மீடியட் விருப்பப் பாடங்களில் 450-க்கு 369 பெற்றிருந்தார். மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் அவருக்கு இடம் கிடைத்திருக்கும் என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. நீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியைத் தொடர்ந்து அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. அதில் சேர்க்கப்பட்ட 15(4) பிரிவு இட ஒதுக்கீட்டுக்கு அடிப்படையாயிற்று.

நேர்முகத் தேர்வும் மாவட்ட ஒதுக்கீடும்

அடுத்த இருபது ஆண்டுகளில் வாய்ப்பைக் கணிப்பதற்கு இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது மாவட்ட ஒதுக்கீடு. மக்கள்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கு மருத்துவ இடங்கள் பிரிக்கப்பட்டதால், ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் ஒருவர் சேர, மற்றவர் பிறந்த மாவட்டத்தின் காரணமாக வெளியே நின்றார். 1968-இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. பிறகு கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்து மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அதுவும் பெரியகருப்பன் வழக்கில் செல்லாததாயிற்று.

இரண்டாவது தடை நேர்முகத் தேர்வு. பெரியகருப்பன் வழக்கு நடந்த காலத்தில் பாட மதிப்பெண்ணுக்கு 200, நேர்முகத் தேர்வுக்கு 75 என மொத்தம் 275-க்குக் கணக்கிடப்பட்டது. மொத்தத்தில் கால் பங்குக்கும் மேற்பட்ட மதிப்பெண் தேர்வுக்குழுவின் கையில் இருந்ததால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் இடம் உறுதி என்று எவராலும் சொல்ல முடியவில்லை. சிபாரிசு செய்ய ஆள் இல்லாத குடும்பங்களுக்கு இது பெருங்குறையாக இருந்தது.

நுழைவுத் தேர்வும் ஒற்றைச் சாளரமும்

1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கான பொது நுழைவுத் தேர்வு அறிமுகமானது. அம்முறையில் நிலைபெற்ற கணக்கின்படி பிளஸ் டூ மதிப்பெண் 200-க்கும் நுழைவுத் தேர்வு 100-க்கும் கொள்ளப்பட்டு, கட்-ஆஃப் 300-க்குக் கணக்கிடப்பட்டது. தேர்வுக்குழுவின் எண்ணத்துக்கு அதில் இடமில்லை.

1997-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் வழியே பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு தொடங்கியது. அரசுக் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் ஒரே தரவரிசையில் நிரப்பப்பட்டன. மாணவர்கள் பெற்றோருடன் கிண்டி வளாகத்துக்குச் சென்று, மீதமுள்ள இடங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தனர். ஒவ்வொரு கல்லூரியிலும் எந்த மதிப்பெண் வரை இடம் கிடைத்தது என்ற விவரம் வெளிவந்ததால், சென்ற ஆண்டுக் கட்-ஆஃப் பட்டியல் அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் கையேடாயிற்று.

200-க்கான கணக்கு

நகர்ப்புற மாணவர்களுக்கே நுழைவுத் தேர்வு சாதகமாக உள்ளது என்ற கருத்து வலுத்தது. மு. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி சட்டம் இயற்றப்பட்டு, 2007 முதல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. கட்-ஆஃப் 200-க்குச் சுருங்கியது. பொறியியலுக்குக் கணிதம் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கும் குறைக்கப்பட்டன. 200-க்குக் கணிதத்தில் 190, இயற்பியலில் 180, வேதியியலில் 184 பெற்றவரின் கட்-ஆஃப் 95 + 45 + 46 = 186. இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை நான்கால் வகுத்ததால் கால் மதிப்பெண்கூட முக்கியமாயிற்று.

ஒரே கட்-ஆஃப் பெற்றவர்களிடையே முதலில் கணித மதிப்பெண்ணும், பிறகு இயற்பியலும், அடுத்து நான்காம் விருப்பப் பாடமும், பின்னர் பிறந்த தேதியும் பார்க்கப்பட்டன. அதிலும் சமமானால் சமவாய்ப்பு எண் முடிவு செய்தது. கணக்கில் பெயர் பெற்ற இம்முறையின் கடைசிப் படி குலுக்கல்தான்.

கணிப்பில் இட ஒதுக்கீட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. 69% ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 30%, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20%, பட்டியல் சாதியினருக்கு 18%, பழங்குடியினருக்கு 1% எனப் பங்கிடப்பட்டுள்ளது. மீதமுள்ள 31% பொதுப்பிரிவில் எல்லாப் பிரிவினரும் போட்டியிடலாம். ஆகவே ஒதுக்கீடு பெறும் மாணவர் பொதுப்பிரிவு, தம் பிரிவு ஆகிய இரண்டு கட்-ஆஃப்களையும் பார்க்க வேண்டும்.

சேலம் – நாமக்கல் வட்டாரம்

சேலத்தில் அரசு பொறியியல் கல்லூரி 1966-இலும், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986-இலும் தொடங்கப்பட்டன. நாமக்கல் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று.

கோழிப்பண்ணைக்கும் லாரித் தொழிலுக்கும் பெயர் பெற்ற நாமக்கல், உறைவிடப் பள்ளிகளுக்கும் பெயர் பெற்றது. கட்-ஆஃப் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டுமே சார்ந்திருந்த ஆண்டுகளில் மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் இங்கே அனுப்பப்பட்டனர். விடியற்காலைப் படிப்பும் ஓயாத மாதிரித் தேர்வுகளும் நூற்றுக்கு நூறு என்ற இலக்கும் இப்பள்ளிகளின் அடையாளமாயின. விவசாயக் குடும்பங்களும் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தின.

பிளஸ் ஒன் பாடங்களைத் தள்ளிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடமே நடத்துவது தமிழகத்தில் பல தனியார் பள்ளிகளின் வழக்கமாயிற்று. கட்-ஆஃப் உயர்ந்தாலும், கல்லூரியின் முதலாண்டில் அடிப்படை தெரியாமல் மாணவர்கள் திணறினர். 2017-இல் தமிழக அரசு மாநில அளவிலான ரேங்க் அறிவிப்பைக் கைவிட்டது. 2017–18 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் கொண்டுவந்தது.

நீட்டுக்குப் பின்

2017-இல் தமிழகத்தின் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வுக்கு மாறியது. அரியலூர் மாவட்ட மாணவி அனிதா பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 பெற்றிருந்தார். அவரது மருத்துவக் கட்-ஆஃப் 196.75. பழைய கணக்கில் இடம் கிடைத்திருக்கும் நிலையில், நீட் மதிப்பெண்ணின்படி கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை சென்ற அவர் அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று தற்கொலை செய்துகொண்டார்.

மருத்துவ இடம் பெற்றோரில் மறுமுறை எழுதியவர்கள் 2016–17-இல் சுமார் 12%. 2020–21-இல் சுமார் 71% என்று ஏ.கே. ராஜன் குழு பதிவு செய்தது. ஓராண்டு காத்திருந்து பயிற்சி பெறும் வசதியும் வாய்ப்பைத் தீர்மானிக்கும் காரணியாயிற்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் 7.5% உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டதால், அவர்களுக்கெனத் தனிக் கட்-ஆஃப் உருவானது.

நீட்டில் சென்ற ஆண்டு மதிப்பெண்ணை மட்டும் நம்பிக் கணிப்பது தவறாகலாம். 2024-இல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720-க்கு 720 பெற்றிருந்தனர். திருத்தத்துக்குப் பின் அது 17 ஆனது. 2025-இல் நாட்டின் முதலிடமே 686 மதிப்பெண்தான். வினாத்தாள் கடினமானால் மதிப்பெண் இறங்கும், தரவரிசை இறங்க வேண்டியதில்லை. எனவே மதிப்பெண்ணைவிடத் தரவரிசையை ஒப்பிடுவதே பொருத்தமானது. பொறியியலுக்கும் இது பொருந்தும்.

2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது. சென்னைப் பயணம் தேவையற்றுப் போனாலும், கல்லூரி வரிசையை மாணவரே முன்கூட்டிப் பதிய வேண்டியுள்ளது. மேலே பதிந்த கல்லூரி கிடைக்காவிட்டால் அடுத்தது பார்க்கப்படும் என்பதால், உண்மையில் விரும்பும் கல்லூரியை முதலில் எழுதுவதால் இழப்பில்லை. கட்-ஆஃப் பட்டியலை நம்பி, கிடைக்காது என்று தாமே முடிவு செய்து நல்ல கல்லூரியின் பெயரை எழுதாமல் விடுபவர்கள் மட்டுமே அந்த வாய்ப்பை இழக்கின்றனர்.