செண்டு

பூங்கொத்து என்ற சொல் பரவுமுன் கையடக்கப் பூக்கட்டுக்குப் பெயர் செண்டு. கன்னடத்திலும் தெலுங்கிலும் செண்டு என்றால் பந்து. தமிழிலும் பந்தாடுவதைச் செண்டாடுதல் என்பதுண்டு. காம்புகளைச் சேர்த்து நார் சுற்றி இறுக்கினால் பூத்தலைகள் பந்தாகத் திரளும். பெயர் அந்த உருண்டையால் வந்தது என்றே கொள்ளலாம்.

தியாகதுருகம் பூக்கடையில் செண்டுமல்லி என்று கேட்டால் மல்லிகை வராது. துலுக்கச் சாமந்தியைத்தான் நிறுப்பார்கள். அமெரிக்கக் கண்டத்துப் பூவுக்கு உள்ளூர்ப் பெயர், அதுவும் உருண்டையாலேயே!

அய்யனார் கைச் செண்டு வேறு. அது நுனி வளைந்த கோல். குதிரைச் சாட்டைக்கும் அப்பெயருண்டு. திருவிளையாடல் புராணத்தில் உக்கிரகுமார பாண்டியன் மேருமலையை அடித்தது அந்தச் செண்டால், பூச்செண்டால் அல்ல.