கார்போகரிசியும் மொட்டை மாடி வெயிலும்

போன மாதம் நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. கார்போகரிசிப் பொடியை எலுமிச்சைச் சாற்றில் குழைத்து முகத்தில் பூசி, மொட்டை மாடியில் கால் மணி நேரம் வெயிலில் நின்றால் பருக்கள் மறைந்துவிடுமாம். பிளஸ் டூ பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை யாராவது செய்து பார்த்துவிடக்கூடும் என்ற பயத்தில்தான் அந்த விதையின் கதையை எழுதுகிறேன்.

கார்போகரிசி நமக்குப் புதிதல்ல. மீஞ்சூர் பஜாரில் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்கள். பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், பச்சைப்பயறோடு அரைத்துக் குளியல் பொடியில் சேர்ப்பதுண்டு. தேய்த்தோம், உடனே கழுவினோம், அவ்வளவுதான். ஆயுர்வேதத்தில் இதற்கு வேறு வேலையும் உண்டு. வெண்புள்ளி உள்ள இடத்தில் பூசி வெயில் காட்டுவார்கள். பூச்சு மட்டும் போதாது, வெயில் மட்டும் போதாது, இரண்டும் சேர வேண்டும் என்பதைப் பழைய வைத்தியர்கள் கண்டுவைத்திருந்தார்கள்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. 1933-ல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கட ராவ் என்ற நம் நாட்டு வேதியியலாளர்கள் இந்த விதையிலிருந்து சோரலென் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1940-களில் எகிப்தின் எல் மோஃப்டி, நைல் கரைச் செடி ஒன்றிலிருந்து எடுத்த இதே வகைப் பொருளை வெயிலோடு சேர்த்து வெண்புள்ளிக்குக் கொடுத்தார். 1974-ல் அமெரிக்காவில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக் குழு (அதில் மது பாதக் என்ற இந்தியரும் உண்டு) சோரலென் வகை மாத்திரையையும் புற ஊதா விளக்கையும் இணைத்து சோரியாசிஸுக்குச் சிகிச்சை செய்ததை வெளியிட்டது. விளக்கு வந்ததும் வெளிச்சத்தை அளந்து கொடுக்க முடிந்தது. என் பார்வையில் பெரிய மாற்றம் அதுதான். மொட்டை மாடி வெயிலுக்கு அளவு ஏது?

சோரலென் பட்ட தோலில் புற ஊதா 'ஏ' கதிர் விழுந்தால் அது செல்லின் மரபணு இழையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் வரும் எரிச்சல் சாதாரண வெயில் எரிச்சல் போல அன்றே உச்சத்துக்கு வராது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும். எங்கள் பெரியக்காவை 1976-ல் பெண் பார்க்க வருவதாக இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று இதே பூச்சோடு வாசலில் உட்கார்ந்தாள். முதல் நாள் ஒன்றுமில்லை என்று மறுநாளும் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கன்னமெல்லாம் கொப்புளம். கொப்புளம் ஆறியும் கருமை பல மாதம் போகவில்லை. வந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். எலுமிச்சையிலும், குறிப்பாகத் தோலில், இதே இனத்துப் பொருட்கள் உண்டு. ஆக வாட்ஸ்அப் வைத்தியத்தில் ஆபத்து இரட்டிப்பு.

பருவுக்குச் சோரலென் தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. பருவில் வாழும் கிருமி, வெளிச்சத்தை உறிஞ்சும் போர்ஃபைரின் என்ற பொருளைத் தானே தயாரிக்கிறது. 415 நானோமீட்டர் அளவுள்ள நீல ஒளி பட்டால் அதுவே கிருமியைக் கொல்கிறது. நீலத்தோடு சிவப்பையும் சேர்த்துப் பார்த்த லண்டன் ஆய்வு 2000-ல் வெளிவந்தது. அதே வருடம் அமெரிக்காவில் அமினோலெவுலினிக் அமிலத்தைப் பூசி ஒளி காட்டும் முறையும் வெளியானது. அதைச் செய்துகொண்டவர்கள் சுமார் 2 நாள் வெயில் படாமல் இருக்க வேண்டும். எல்லாம் மருத்துவர் கையில் நடப்பவை. இணையத்தில் விளக்கு முகமூடி வாங்கியிருப்பவர்கள், பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையோ ரெட்டினாய்டு கிரீமோ பயன்படுத்தினால், முதலில் தோல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மருந்துகளே தோலை வெளிச்சம் தாங்காததாக்கும்.

இன்னொன்று. 'பாகுச்சியால்' என்று சீரம் புட்டிகளில் இப்போது பார்க்கிறீர்களே, அதுவும் இந்த விதையிலிருந்து வந்ததுதான். 1966-ல் மேத்தா, நாயக், சுக் தேவ் ஆகியோர் அதை விவரித்தார்கள். ஆனால் அது சோரலென் அல்ல. 'பாப்சி எண்ணெய்' என்று விற்பது வேறு, அதில் சோரலென் இருக்கும். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்.

அந்தச் செய்தியை அனுப்பியவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்பினார். ஆனாலும் குழுவிலிருந்து நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.