கறுப்பு வெள்ளைக் கடற்கரைப் படம்: காட்சியமைப்பும் காண்ட்ராஸ்ட்டும்

கறுப்பு வெள்ளையில் எடுத்த கடற்கரைப் படத்தைப் பார்க்கும்போது காட்சியமைப்பைத் தனியாகவும் காண்ட்ராஸ்ட்டைத் தனியாகவும் எடைபோடுவது வழக்கம். கடற்கரையைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை பொருந்தாது. அங்கே இருப்பது மணல், நீர், வானம் என்ற மூன்று பட்டைகள்தான். வண்ணப் படத்தில் நிறமே அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். நிறம் போனபின், உலர்மணலைவிட ஈரமணல் கருத்திருப்பதும், நுரை அதன்மேல் வெள்ளை விளிம்பாக ஓடுவதும்தான் படத்தின் கோடுகள். சோழமண்டலக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைத் தென்மேற்கே நின்று விடியலில் எடுத்தால், விமானங்கள் இரண்டும் வெறும் கரிய உருவங்கள். அவற்றின் படிப்படியான விளிம்பும் இடையில் தெரியும் வானமுமே படத்தைத் தாங்கும். மாலையில் வெயில் கல்மேல் விழுந்து, காற்று அரித்த சிற்பங்கள் துலங்கும். கடல் இருண்டு பின்னே போகும். நின்ற இடமும் சட்டகமும் மாறவில்லை, ஆனாலும் அமைப்பு முழுக்க வேறு.

காண்ட்ராஸ்ட்டைக் கூட்டுவது உண்மையைத் திரிப்பதாகும் என்பார்கள். ஆனால், தொடப்படாத கறுப்பு வெள்ளை என்று ஒன்று என்றுமே இருந்ததில்லை. புகைப்படக் கலையின் தொடக்ககால நெகட்டிவ்கள் நீல ஒளியை அளவுக்குமேல் பதித்துக்கொண்டதால் அச்சில் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். 1857 வாக்கில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சிட்டார். சென்னை அரசின் புகைப்படக்காரராக 1857–58இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளியைப் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப், காகித நெகட்டிவில் மேகங்களைக் கையாலேயே தீட்டினார். சிவப்பு ஃபில்டர் போட்டு நீல வானத்தைக் கருமையாக்குவதும் அதே வேலைதான். ஈரமணலின் சாம்பல் படிகள் கறுப்பில் முங்கிப்போனால் மட்டும் அதைக் குறை என்றே சொல்ல வேண்டும். கரையின் சாய்வைக் காட்டுபவை அவைதான்.

நீலமும் பச்சையும் இல்லாமல் கடல் ஏது என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டே பதில்: பெரம்பலூர் மாவட்டத்தில் இன்று கடல் இல்லை. ஆனால் காரை கிராமத்தருகே, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண், பெலம்னைட் என்ற கடலுயிரியின் புதைபடிவங்களோடு வெளியே கிடக்கிறது. மழை அதை ஓடை ஓடையாக அறுத்திருக்கிறது. சாய்வெயிலில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அந்த மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அலைபோலவே எழும். நீலம் துளியும் தேவைப்படாது. உச்சி வெயிலிலோ நிழல் சுருங்கி, அதே மேடுகள் தட்டையான சாம்பல் பரப்பாகிவிடும். செம்பழுப்பு நிறம் அப்போதும் மண்ணில் அப்படியேதான் இருக்கும்.