தைத்து ஒட்டிய படகு

மரப்படகு கட்டுவோரின் திறமையில் பெரும்பங்கு வளைவைக் கணிப்பதில் அடங்கியிருந்தது. அணியம் எனப்படும் முன்முனையிலிருந்து அமரம் எனப்படும் பின்முனை வரை ஒவ்வொரு பலகையும் ஒருசேர வளைந்தும் முறுகியும் செல்ல வேண்டியிருந்ததால், இங்கிலாந்தின் படகுப் பட்டறைகளில் முதலில் படகின் கோடுகளைத் தரையில் முழு அளவில் வரைந்து, அவற்றைக் கொண்டு அச்சுச் சட்டங்கள் செய்து, விலா எலும்புகளைப் போல உடலைத் தாங்கும் வங்குகளை நீராவியில் பதப்படுத்தி வளைத்து, அதன் பிறகே பலகைகளை ஒவ்வொன்றாக இழைத்துப் பொருத்தினார்கள். பல ஆண்டுப் பயிற்சியில் கண்ணுக்கும் கைக்கும் வரும் இந்தக் கணிப்புக்குத்தான் படகு வாங்குவோர் விலை கொடுத்தார்கள். காற்றும் நீரும் யாவருக்கும் பொதுவாக இருந்தும், பாய் விரித்துப் பொழுதுபோக்கும் வாய்ப்பு வசதி படைத்தோரிடமே தங்கிவிட்டதற்கு அந்த விலை ஒரு முதன்மைக் காரணம். 1963ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மிரர்’ என்னும் சிறு படகு இந்நிலையை மாற்றியது எவ்வாறு என்பதை ஆராய்ந்தால், அதன் மலிவைக் காட்டிலும், வளைவைக் கணிக்கும் வேலையை அது எங்கே கொண்டுபோய் வைத்தது என்பதே முக்கியமாகப் படுகிறது.

வீட்டிலேயே படகு கட்டும் ஆசை அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இயங்கிய புரூக்ஸ் நிறுவனம், சட்டை தைப்பதற்குரிய காகித வார்ப்புகளைப் போலப் படகுப் பலகைகளுக்கும் முழு அளவுக் காகித வார்ப்புகளை அஞ்சலில் விற்றது. 1931இல் ‘ரடர்’ என்னும் அமெரிக்க இதழ் வில்லியம் கிராஸ்பி வரைந்த ‘ஸ்னைப்’ படகின் வரைபடத்தை வாசகர்கள் தாமே கட்டிக்கொள்வதற்காக வெளியிட்டது. எனினும் வார்ப்பு கையில் இருந்தாலும் வெட்டும் மரம் திண்மரமே; அதை இழைக்கவும் வளைக்கவும் தச்சருக்குரிய தேர்ச்சி வேண்டியிருந்தது.

அத்தேர்ச்சியின் தேவையைக் குறைத்தவை ஒட்டுப்பலகையும் செயற்கைப் பசையும் ஆகும். மெல்லிய மரத்தகடுகளை அவற்றின் ரேகைகள் குறுக்கும் நெடுக்குமாக அமையும்படி அடுக்கி ஒட்டிச் செய்யப்படும் ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், முன்பே வழக்கில் இருந்தபோதிலும், அதன் பசை ஈரத்தில் விட்டுப்போனதால் படகுக்கு ஏற்றதாக இல்லை. ஈரத்தைத் தாங்கும் பிசின் பசைகள் 1930களில் உருவாகி, கேம்பிரிட்ஜை அடுத்த டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புரூய்ன் 1937இல் ‘ஏரோலைட்’ என்னும் பசையை அறிமுகப்படுத்திய பின்னர், இரண்டாம் உலகப் போரில் ‘மாஸ்கிட்டோ’ என்னும் மரவிமானத்தின் கட்டுமானத்தில் இத்தகைய பசை பெரிதும் பயன்பட்டது. அவ்விமானத்தின் பாகங்களில் பலவற்றைச் செய்தவை மேசை நாற்காலி செய்துவந்த பட்டறைகளே. போர் முடிந்தபோது நல்ல ஒட்டுப்பலகையும் நம்பத்தக்க பசையும் அவற்றைக் கையாளத் தெரிந்த கைகளும் நாட்டில் மிகுந்திருந்தன.

இந்த வளத்தை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர், லண்டனின் பட்னி பகுதியில் பட்டறை வைத்திருந்த ஜாக் ஹோல்ட். 1947இல் ‘யாட்டிங் வேர்ல்ட்’ இதழுக்காகச் சிறுவர் ஓட்டும் ‘கேடட்’ படகையும், 1956இல் ‘நியூஸ் குரானிக்கிள்’ நாளேட்டின் ஆதரவில் நீலப் பாய் கொண்ட ‘என்டர்பிரைஸ்’ படகையும் ஒட்டுப்பலகையில் கட்டுவதற்கேற்ப அவர் வடிவமைத்தார். நாளேடு ஒன்று படகுக்குப் புரவலராவது விளம்பர உத்திதான் என்றாலும், கடற்கரைக் கழகங்களின் வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களிடம் படகைப் பற்றிய செய்தியைச் சேர்க்க அதைவிடச் சிறந்த வழி அக்காலத்தில் இல்லை. ஆயினும் இப்படகுகளுக்கும் உள்ளே மரச்சட்டக் கூடு வேண்டியிருந்தது. பலகைகள் சந்திக்கும் விளிம்புகளில் நீளவாட்டில் மரச்சட்டம் பதித்து, அதன் சரிவைப் பலகைக்கு ஏற்ப இழைக்க வேண்டியிருந்தது. பழக்கமில்லாதவர் தடுமாறிய இடம் அதுவே.

அந்தத் தடையை நீக்கிய ‘தைத்து ஒட்டும்’ முறையைப் படகுத் துறைக்கு வெளியே இருந்த ஒருவர், கென் லிட்டில்டைக் என்னும் பள்ளி ஆசிரியர், துடுப்பால் செலுத்தும் சிறு கயாக் படகுகளுக்காக உருவாக்கினார். அதைப் பாய்ப்படகுக்குக் கொண்டுவந்தவர் பாரி பக்னெல். பி.பி.சி. தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சு வேலைகளைச் செய்துகாட்டி நாடறிந்தவரான அவர், பழைய வீடுகளின் அழகிய கதவுகளைத் தட்டையான அட்டைப் பலகையால் மூடும் வழக்கத்தைப் பரப்பியவர் எனப் பிற்காலத்தில் குறைகூறப்பட்டார்; அக்குறையில் உண்மை உண்டு. ஆனால் தச்சு பயிலாத ஒருவரின் கை எதைச் செய்யும், எங்கே தயங்கும் என்பதை அவரளவு அறிந்தவர் அன்றைய இங்கிலாந்தில் அரிது. அவருடைய கருத்தும் ஹோல்ட்டின் வடிவமைப்பு அனுபவமும் ‘டெய்லி மிரர்’ நாளேட்டின் முயற்சியால் இணைந்ததில் பிறந்த படகுக்கு அந்நாளேட்டின் பெயரே அமைந்தது. அதன் பாய்க்கு நாளேட்டின் தலைப்பில் இருந்த சிவப்பே நிறமாயிற்று.

கட்டும் முறையைச் சற்று விரிவாகவே காண வேண்டும். ஒரு காகிதத்தை உருளையாகவோ கூம்பாகவோ சுருட்டலாம், ஆனால் சுருக்கம் விழாமல் பந்தின்மேல் போர்த்த முடியாது. ஒட்டுப்பலகையும் அவ்வாறே ஒரு திசையில் மட்டும் இணங்கி வளைவது. எனவே அத்தகைய வளைவுகளை மட்டும் கொண்ட உடலை வரைந்து, அதைத் தட்டையாக விரித்தால் ஒவ்வொரு பலகையின் விளிம்பும் எந்தக் கோட்டில் அமையும் என்பதைக் கண்டு, அக்கோட்டில் பலகைகளை முன்கூட்டியே வெட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் இருப்பவர் விளிம்போரமாகச் சிறு துளைகள் இட்டு, இரு அடிப்பலகைகளைச் செப்புக் கம்பித் துண்டுகளால் நடுக்கோட்டில் தைத்துப் புத்தகத்தைப் போல விரித்து, பக்கப்பலகைகளையும் முன்பின் அடைப்புப் பலகைகளையும் அவற்றோடு தைத்துக் கம்பிகளை முறுக்க முறுக்க, தட்டையாய்க் கிடந்தவை தாமாகவே எழுந்து படகின் உருவைப் பெற்றன. பின்னர் மூட்டுகளின் உட்புறத்தில் கண்ணாடி இழை நாடாவைப் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்துப் பதித்து, அது இறுகியதும் வெளியே நீட்டிய கம்பிகளை வெட்டி, வெளிப்புறத்திலும் நாடா ஒட்டினார்கள். அச்சும் சரிவு இழைத்தலும் நீராவியும் தேவைப்படவில்லை. படகின் வளைவு முழுவதும் தட்டைப் பலகையின் விளிம்புக் கோட்டிலேயே ஒளிந்திருந்தது. கண்ணின் கணிப்பு வரைபவரின் மேசைக்கும் வெட்டுபவரின் இயந்திரத்துக்கும் இடம் மாறிவிட, வீட்டில் இருப்பவரிடம் பொறுமையும் தூய்மையான கைவேலையும் மட்டுமே எதிர்பார்க்கப்பட்டன.

தைத்துப் படகு கட்டுவது தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. துறைமுகம் அமையாத காலத்துச் சென்னையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலைகளைக் கடந்து ஆளும் சரக்கும் ஏற்றிய மசூலாப் படகுகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவையே. ஆனால் அங்கே தையல்தான் நிலையான மூட்டு, வங்குகளற்ற அவ்வுடல் அலையின் அடியில் நெகிழ்ந்து கொடுப்பதற்கும் அதுவே காரணம். மிரர் படகிலோ தையல் பிசின் இறுகும் வரை நிற்கும் தற்காலிகப் பிடிப்பு மட்டுமே. எனவே இரண்டையும் ஒரே மரபாகக் கருதுவதற்கில்லை.

3.3 மீட்டர் நீளமும் 1.39 மீட்டர் அகலமும் கொண்டு, உடல் மட்டும் சுமார் 45 கிலோ எடையுடன் அமைந்த இப்படகின் ஒவ்வொரு கூறிலும் அதை வாங்கக்கூடியவரின் வாழ்க்கை கணக்கில் கொள்ளப்பட்டிருந்தது. அணியம் கூர்மையாக இன்றி மழுங்கலாக இருந்ததால் முன்பகுதியில் பலகையை அளவுக்கு மீறி முறுக்க நேரவில்லை, குறைந்த நீளத்தில் கூடுதல் இடமும் கிடைத்தது. காற்று அடைத்த மூடிய அறைகள் உடலோடு சேர்த்தே கட்டப்பட்டதால் படகு கவிழ்ந்தாலும் மூழ்கவில்லை. பாய் ‘கன்டர்’ முறையில் அமைந்தது: குட்டையான பாய்மரத்தின் மேல் மற்றொரு கழியைச் செங்குத்தாக ஏற்றி உயரத்தைப் பெறும் அம்முறையால் கழிகள் அனைத்தும் படகின் நீளத்துக்குள் அடங்கின, கடற்கரையில் வீடில்லாத குடும்பம் படகைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு ஏரிக்கோ கழிமுகத்துக்கோ செல்ல முடிந்தது. 1963 ஜனவரியில் லண்டன் படகுக் கண்காட்சியில் இதன் கிட், அதாவது வெட்டிய பலகைகளும் துணைப்பொருள்களும் அடங்கிய தொகுப்பு, 63 பவுண்டு 11 ஷில்லிங் விலைக்கு வந்தது. அது அன்றைய ஆலைத் தொழிலாளி ஒருவரின் ஏறத்தாழ நான்கு வார ஊதியம். சிறு தொகை அன்று, எனினும் சேமித்து எட்டக்கூடிய தொகை.

வீட்டில் கட்டிய படகு இரண்டாந்தரமாக மதிக்கப்படாமல் காத்தது வகுப்பு விதி. ஒரே வடிவில் அமைந்த படகுகளை ஒரு ‘வகுப்பு’ எனக் கொண்டு, ஒவ்வொன்றையும் அளந்து சரிபார்த்து எண் வழங்கும் அம்முறையில், கூடத்தில் கட்டியதும் பட்டறையில் கட்டியதும் ஒரே கோட்டிலிருந்து பந்தயத்தைத் தொடங்கின. எண்கள் நாளடைவில் 70,000ஐத் தாண்டின. அச்சில் வார்க்கும் கண்ணாடி இழைப் படகுகள் பரவி, 1971இல் ‘லேசர்’ போன்றவை வாங்கிய அன்றே நீரில் இறக்கத்தக்கனவாக வந்தபின், கட்டிக்கொள்வோர் தொகை குறைந்தது. பிற்காலத்தில் மிரர் படகே கண்ணாடி இழையிலும் வார்க்கப்பட்டது.

ஒட்டுப்பலகை உளுத்துப்போவது என்பதும் வண்ணப்பூச்சில் கவனம் தவறினால் விளிம்புகள் நீர் குடிக்கும் என்பதும் உண்மையே. ஆனால் ஒவ்வொரு மூட்டையும் தம் கையால் தைத்தவருக்கு எந்த மூட்டை எப்படிப் பிரித்து ஒட்டுவது என்பது தெரிந்திருந்ததால், பழைய படகுகள் தலைமுறை கடந்தும் நீரில் நின்றன. 1997இல் ஆசிரியர் ஏ. ஜே. மெக்கின்னன் தாம் பணியாற்றிய எல்ஸ்மியர் பள்ளியின் பழைய மிரர் படகு ஒன்றில் புறப்பட்டு, இங்கிலாந்தின் ஆறுகளையும் கால்வாய்களையும் கடந்து, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி, ஐரோப்பாவின் நீர்வழிகள் ஊடாக மறு ஆண்டில் டான்யூப் ஆறு கருங்கடலில் கலக்கும் சுலினாவை அடைந்தார். வழியில் உடைந்ததை வழியிலேயே செப்பனிட்டுக்கொண்டு முடித்த பயணம் அது.