பையா? உடுப்பா?

நடு ராத்திரி. நல்ல தூக்கம். திடீரென்று ஏதோ சத்தம். கண் விழித்துப் பார்த்தால், படுத்திருந்த தரை பிளந்து, பக்கத்திலேயே கறுப்பாகத் தண்ணீர்! அந்த நேரத்தில் நீங்கள் கழுத்து வரை ஒரு பைக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தால் என்ன கதி?

வட துருவத்துக்குக் கிளம்பிய அமெரிக்கர் ராபர்ட் பியரியை ஆட்டிவைத்த கேள்வி இது. 1909 மார்ச் கடைசியில் அது நிஜமாகவே நடந்தது. உறைந்த ஆர்க்டிக் கடலின் மேல் முகாம். கேப்டன் பார்ட்லெட்டின் பனிக்குடில் இருந்த பகுதி மட்டும் தனியாகப் பிய்த்துக்கொண்டு மிதக்க ஆரம்பித்துவிட்டது. அது திரும்பவும் பெரிய பனிப்பாளத்தை உரசிய சமயம் பார்த்து, அவரும் கூட இருந்தவர்களும் இந்தப் பக்கம் ஓடி வந்து சேர்ந்தார்கள்.

பியரியின் ஆட்கள் யாரிடமும் ஸ்லீப்பிங் பேக் கிடையாது. இனூயிட் மக்களிடம் கற்றுக்கொண்ட தோல் உடுப்பைப் போட்டுக்கொண்டு பகலில் நடப்பார்கள். ராத்திரி அதோடு அப்படியே தூங்குவார்கள். எழுந்தால் ஓட வேண்டியதுதான்!

அப்படியென்றால் உடுப்புதான் ஜெயித்ததா? அவசரப்படாதீர்கள்.

1895 மார்ச்சில் நார்வேக்காரர் நான்சென், ஜோஹான்சென் என்ற ஒரே ஒரு துணையோடு 'ஃபிராம்' கப்பலை விட்டு இறங்கி வடக்கே நடந்தார். ஓநாய்த் தோல் உடுப்பைக் கப்பலிலேயே வைத்துவிட்டார். போட்டு நடந்தால் வியர்த்துக் கொட்டுகிறதாம்! கம்பளித் துணியோடு போனார்கள். வியர்வை அதில் ஊறியது. மைனஸ் 40 டிகிரி குளிரில் உறைந்து, துணி இரும்புக் கவசம் மாதிரி ஆனது. சட்டைக் கையின் விளிம்பு உரசி உரசியே நான்செனின் மணிக்கட்டில் ஆழமான புண். ராத்திரி இருவரும் ஒரே பைக்குள் புகுந்துகொள்வார்கள். அந்தக் கவசம் இளகி ஈரத்துணி ஆகும்வரை ஒரு மணி நேரத்துக்கும் மேல் பல் கிட்டித்துக் கிடப்பார்கள்.

பையும் யோக்கியமில்லை. 1911-ல் அண்டார்டிகாவில் பெங்குவின் முட்டை தேடி, நடுக்குளிர்காலத்தில் ஸ்காட்டின் ஆட்கள் மூன்று பேர் போனார்கள். அவர்களில் செர்ரி-கராடின் பை கிளம்பும்போது 18 பவுண்டு. ஐந்து வாரம் கழித்துத் திரும்பும்போது 45 பவுண்டு! கூடியது அத்தனையும் அவருடைய மூச்சும் வியர்வையும் உறைந்த ஐஸ்.

ஆக, குளிரைவிடப் பெரிய எதிரி ஈரம். பைக்குள் இரண்டு காலும் ஒட்டிக் கிடப்பதால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்குக் கிடைக்கும். அதே எடையில் உடுப்பு என்றால் கை, கால் எல்லாம் தனித்தனி. சூடு சீக்கிரம் போய்விடும். ஆனால், எழுந்து நடக்கலாம், அடுப்பு பற்றவைக்கலாம், ஓடலாம்.

இன்று கடைகளில் கை, கால் வைத்துத் தைத்த ஸ்லீப்பிங் பேக்கும் கிடைக்கிறது. முகாமில் ராத்திரி அடிக்கடி எழுந்து நடமாடுபவர் அதை வாங்கலாம். கடுங்குளிரில் அசையாமல் தூங்க வேண்டும் என்றால் பழைய பைதான். எதை வாங்கினாலும், பகலில் வியர்த்த துணியோடு அதற்குள் நுழையாதீர்கள். தூங்குவதற்கென்று ஒரு காய்ந்த செட் துணியைத் தனியாக எடுத்து வையுங்கள். நான்செனுக்கு மாற்றிக்கொள்ள அது இல்லை.